பரணில் வைத்த பாட்டில்

என் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து தாராவிக்குக் கூட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, என் ஒரு கையில் மாத்திரைப் பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பாட்டில். மருந்துத் தண்ணீருக்குள் மஞ்சளாக ஓர் உருண்டை மிதந்தது. அவர் மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில், வருடக்கணக்காக வளர்ந்த கொழுப்புக் கட்டி. புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, வெறும் கொழுப்புதான், ஆனாலும் டெஸ்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லேப் பூட்டிக் கிடந்ததால் அன்று ராத்திரி அதைப் பரணில் வைத்தேன்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

கட்டி போனதும் அவர் குரல் மாறிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போலப் பேசியவர், இப்போது கணீரென்று பேசினார். வீடே அதிரும் குறட்டையும் நின்றுவிட்டது. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் யாரோ வேற்று ஆளுக்குச் சோறு போடுவது போல இருந்தது.

அவர் வேலைக்குத் திரும்பிய வாரம், பக்கத்து வீட்டு மெஹராஜ் துணி காயப்போட்டபடி கேட்டாள்.

“ஆபரேசன் பண்ணியும் அண்ணன் மத்தியானமெல்லாம் கொறட்ட விடுதாவளே, மைனி?”

அந்த நேரத்தில் அவர் ரயிலேறிப் போகும் தூரத்தில், ஐரோலியில் டியூட்டியில் இருப்பார்.

சந்தேகம் வந்தபின் காது சும்மா இருக்குமா? டிவியை அணைத்தேன். ஃபேனை நிறுத்தினேன்.

மேலே, இழுத்து இழுத்து, எனக்கு மனப்பாடமான அதே குறட்டை.

ஏணி வைத்து ஏறினேன். சத்தம் நின்றது. சூட்கேசும் பழைய பாயும்தான் இருந்தன. பாட்டில் வைத்த இடத்தில் மருந்து நெடி போகவில்லை. பாயைத் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் அவரிடம் குறட்டைச் சத்தத்தை மட்டும் சொன்னேன். அவர் பரணை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அந்தப் பாய எரிச்சிரு, செல்வி.”

பாயைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

எரிக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

“செல்வி, கதவத் தெற.” அந்தக் கணீர் குரல்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். பரணில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த குறட்டை நின்றது.

“ஏட்டி, தெறக்காத.”

குடத்துக்குள்ளிருந்து வரும் குரல். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய குரல் எது என்று எனக்குத் தெரியாதா?

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

எனக்குப் பின்னால், ஏணியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது.