இரண்டு நாற்பதுக்கு விழும் லிங்க்

கம்பெனி ஜீப் கரட்டுக் குன்றின் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் பாதை கிடையாது. வித்யா மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் பாறைப் படிகளில் ஏறத் தொடங்கினாள்.

எருமப்பட்டிக்கு வெளியே, சோளக்காடுகளுக்கு நடுவில் தனித்து நிற்கும் கரடு அது. உச்சியில் ஒரு இரும்புக் கோபுரம். அதன் காலடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய அறை. அந்த அறைக்குள் இருந்த பேஸ் ஸ்டேஷன் பெட்டிதான் எட்டு மாதமாக எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்தது.

வேலை ஒரு கல் குவாரிக் கம்பெனிக்கு. வாழப்பாடி, மல்லசமுத்திரம், எருமப்பட்டி என மூன்று இடங்களில் அவர்களுக்குக் குவாரி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பேஸ் ஸ்டேஷன் வைத்து, மூன்றையும் சேலத்தில் இருக்கும் கன்ட்ரோல் ரூமோடு இணைத்து, டிஜிட்டல் ரேடியோ போட்டுக் கொடுத்திருந்தது வித்யா வேலை பார்த்த நிறுவனம். மற்ற இரண்டும் ஒழுங்காக ஓடின. எருமப்பட்டி லிங்க் மட்டும் தினமும் பிற்பகல் இரண்டு நாற்பதைத் தாண்டியதும் அறுந்துவிடும். மூன்றரைக்குத் தானாகத் திரும்பி வரும். குவாரியில் வெடி வைப்பதே மூன்று மணிக்குத்தான். அந்த நேரத்தில் ரேடியோ செத்துக் கிடந்தால் என்றைக்காவது ஓர் உயிர் போகும் என்று கம்பெனி கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டது.

இதுவரை வித்யா இங்கே வரவில்லை. யாரும் அவளை வரச் சொல்லவுமில்லை. அதே நிறுவனத்தில் வேலை பார்த்த அவளுடைய தம்பி அறிவு செத்தது இந்தக் கோபுரத்தில்தான்.

யாரிடமும் சொல்லாமல் தனியாக ஏறினான், பாதி உயரத்தில் கதண்டுக் குளவிகள் மொய்த்துக்கொண்டன, இடுப்புப் பட்டையில் தொங்கியபடியே உயிர் போயிற்று, கையில் ரேடியோ இருந்தும் ஒரு குரல்கூட கொடுக்கவில்லை. அப்படித்தான் அவளிடம் சொன்னார்கள். சொன்னவன் அவளுடைய கணவன் குருமூர்த்தி. கன்ட்ரோல் ரூம் அவன் பொறுப்பில்தான் இருந்தது. பிணத்தின் மேல் விழுந்து அவன் அழுத அழுகையைப் பார்த்து, அவனைத் தேற்றியவளே வித்யாதான்.

இன்று காலையில் வண்டி ஏறும்போது அவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

"பழைய லாக் பதிவெல்லாம் பாத்துட்டு நேரத்த வீணாக்காத வித்யா. போனதும் பொட்டிய மொத்தமா அழிச்சுட்டு, செட்டிங் எல்லாம் புதுசாப் போட்டுரு. சரியாயிரும்."

அறை வாசலில் காவலுக்கு இருக்கும் அத்தாயி உட்கார்ந்திருந்தாள். அறுபதை ஒட்டிய வயது. அறிவு போன பிறகு வேலைக்கு வந்தவள். இடுப்பில் கம்பெனி கொடுத்த கைரேடியோ.

"மேல வந்துட்டீங்களா சாமி? தண்ணி குடிங்க. ரண்டரைக்குள்ள வேலைய முடிச்சுட்டு எறங்கிருங்க."

"ஏனுங்கம்மா?"

"அதுக்கப்பறம் அந்தத் தம்பி கூப்பிடும். கீழ குவாரியில அந்நேரத்துக்கு எல்லாரும் ரேடியோவ அமத்தி வெச்சுருவாங்க. எனக்குத்தான் மனசு கேக்கறதில்லீங்க. 'இரு சாமி, வாரேன்'னு சொல்லுவேன். எந்தப் பொத்தான அமுத்திப் பேசோணும்னு எனக்குத் தெரியாதுங்க."

வித்யா கதவைத் திறந்தாள். சூடான இரும்பின் நெடி. அதோடு இன்னொரு வாடை. குளவிக்கூட்டை எரித்த கரிவாடை, எட்டு மாதமாகியும் போகாமல் சுவரில் ஒட்டிக் கிடந்தது.

மின்சாரம் சரியாக இருந்தது. பேட்டரி சரி. கோபுரத்திலிருந்து இறங்கும் கேபிளை அளந்து பார்த்தாள், குறையில்லை. சேலத்துக்குச் சோதனைச் செய்தி அனுப்பினாள்; ஒன்றுகூடத் தவறாமல் பதில் வந்தது. இவ்வளவு ஆரோக்கியமான லிங்கை அவள் பார்த்ததே இல்லை.

மணி இரண்டு நாற்பது.

வெளியே காற்று நின்றது.

வாசலில் அத்தாயியின் ரேடியோ வீறிட்டது. ஆபத்தில் இருப்பவர்கள் அழுத்தும் சிவப்புப் பொத்தானின் ஒலி. வித்யா ஓடிப்போய் அதை வாங்கிப் பார்த்தாள். சிறிய திரையில் அழைப்பவரின் எண் இருந்தது.

1107.

அறிவின் எண். அவன் இறந்த பத்தாம் நாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, நெட்வொர்க்கிலிருந்து அதை அழித்தது அவளுடைய கைதான். அழித்த எண்ணை எந்தப் பேஸ் ஸ்டேஷனும் உள்ளே விடாது.

முதலில் ரீங்காரம் மட்டும் கேட்டது. ஆயிரம் சிறகுகளின் ரீங்காரம். டிஜிட்டல் ரேடியோ இரைச்சலை வடிகட்டிவிட்டுக் குரலை மட்டும்தான் அனுப்பும். இது வடியவில்லை.

பிறகு மூச்சு.

"மச்சான்... கேக்குதுங்களா மச்சான்?"

வித்யா மடிக்கணினியை வாசலுக்கு எடுத்து வந்தாள். மடிக்கணினியில் சிக்னலின் பலத்தைப் பார்த்தாள். அவ்வளவு பலமாக வரவேண்டுமென்றால் அழைப்பவன் பத்தடி, பதினைந்தடிக்குள் இருக்க வேண்டும்.

அவள் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். வெயிலில் வெறும் கம்பிகள்.

"பச்சை எரியுதுங்க மச்சான். நீங்க பாத்துட்டீங்கன்னு காட்டுது. அப்பறம் ஏன் பேச மாட்டீங்கறீங்க?"

அந்த நிமிடம் பெட்டியின் லிங்க் விளக்கு சிவப்புக்கு மாறியது.

"பாத்தீங்களா, அறுத்துட்டாங்க," என்றாள் அத்தாயி மெதுவாக. பிறகு ரேடியோவின் அருகே குனிந்து, "இரு சாமி, வாரேன்," என்றாள்.

ஒரு நல்ல லிங்க் தானாக அறுவதில்லை. வித்யா பேஸ் ஸ்டேஷனின் லாக்கைத் திறந்தாள். அழிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட அதே லாக்கை.

கடைசி வரி இன்றையது. 'இரண்டு நாற்பத்து மூன்று. இணைப்பு துண்டிக்கப்பட்டது. கட்டளை: சேலம் கன்ட்ரோல் ரூம். பயனர்: குருமூர்த்தி.'

நேற்றும் அதே வரி. முந்தாநாளும். இருநூற்று நாற்பது நாளும் அதே பெயர்.

மேலே மேலே போய், அறிவு செத்த நாளுக்கு வந்தாள். இரண்டு நாற்பதுக்கு 1107 ஆபத்துப் பொத்தானை அழுத்தியிருந்தான். ஒரு நிமிடம் கழித்து, அழைப்பைப் பார்த்தாகிவிட்டது என்று கன்ட்ரோல் ரூம் ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கும் இரண்டு நிமிடம் கழித்து, லிங்க் வெட்டப்பட்டிருந்தது. அதன் பிறகு பதினேழு முறை அவன் அழைத்திருந்தான். கடைசி அழைப்பு மூன்று இருபத்தொன்று. குவாரிக்கு அன்று ரேடியோவே கொடுத்திருக்கவில்லை. அவன் குரலைக் கேட்க சேலத்தைத் தவிர உலகத்தில் வேறு காது இல்லை.

சேலத்தில் பதிவுகளை அழித்தவன், கரட்டின் மேல் இருக்கும் இந்தப் பெட்டிக்கும் தனியாக நினைவு உண்டு என்பதைப் பிறகுதான் யோசித்திருக்கிறான். அதைத் துடைக்க அவளுடைய கையையே அனுப்பியிருக்கிறான்.

அவள் கைப்பேசியில் அவனை அழைத்தாள்.

"அழிச்சுட்டியா?" என்றான் எடுத்ததும்.

"லாக்கப் பாத்துட்டேனுங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"அன்னிக்கு நம்ம வேலையப் பாக்கப் பெரிய ஆளுங்க வந்திருந்தாங்க," என்றான், கிசுகிசுப்பாக. "எருமப்பட்டி சிக்னல் சுமாரா இருந்துச்சு. ஆன்டெனாவத் திருப்பி வைன்னு நாந்தான் ஏறச் சொன்னேன். திடீர்னு திரையெல்லாம் சிவப்பாகி அலறுச்சு. காலைல நான் மாத்துன செட்டிங்ல ஏதோ தப்புன்னு நெனச்சுட்டேன். அவங்க முன்னாடி மானம் போகுமேன்னு லிங்க வெட்டிட்டேன். நெசமா தெரியாது வித்யா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அதான் சொல்றேன்ல, அப்பத் தெரியாது."

"எப்பங்க தெரிஞ்சுது?"

"மூணு மணிக்கு. அவன் போன் எடுக்கல. அப்பத்தான் புரிஞ்சுது. அவங்க டீ குடிச்சுட்டு இருந்தாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல போயிருவாங்கன்னு..."

மூன்று மணி. அதற்குப் பிறகும் இருபத்தொரு நிமிடம் அறிவு கூப்பிட்டிருக்கிறான்.

வித்யா போனை வைத்தாள். அழுகை வரவில்லை. எட்டு மாதம் கணவனின் தலையைத் தன் மடியில் வைத்து வருடிக்கொடுத்த விரல்களைப் பார்த்தாள். கழுவ வேண்டும் போலிருந்தது.

பிறகு தொழில் தெரிந்தவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். லாக்கைப் படியெடுத்தாள். பேஸ் ஸ்டேஷனின் கடவுச்சொல்லை மாற்றினாள். இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தைச் சேலத்திடமிருந்து பிடுங்கினாள். அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் அம்மாவிடம் வாழப்பாடிக்குப் போனாள்.

மறுநாள் இரண்டரைக்குக் குவாரிக் கம்பெனி மேலாளர் பாலசுந்தரத்தோடு அவள் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தாள். குருமூர்த்தி எழுந்து நின்றான். சவரம் செய்யாத முகம்.

"லிங்க் இன்னிக்கு விழாதுங்க," என்றாள் மேலாளரிடம்.

இரண்டு நாற்பதுக்குத் திரை முழுவதும் சிவந்தது. குருமூர்த்தியின் கை பழக்கத்தில் விசைக்குப் பாய்ந்தது. அழுத்தினான். மறுபடி அழுத்தினான். ஒன்றும் அறவில்லை. ஒலிபெருக்கியில் அந்த ரீங்காரம் அறையை நிறைத்தது. பாலசுந்தரம் காதைப் பொத்திக்கொண்டார்.

"மச்சான்... கேக்குதுங்களா மச்சான்?"

"வித்யா, வெட்டு. உன்னக் கும்புடறேன்."

அவள் அசையவில்லை.

"வலிக்குதுங்க மச்சான். கண்ணு தெரியல. யாரையாச்சு அனுப்புங்க. பச்சை எரியுதுங்களே..."

நாற்பத்தொரு நிமிடமும் அவனைக் கேட்க வைக்க வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். ஆனால் பதினைந்தாவது நிமிடமே குருமூர்த்தி உடைந்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான்.

"அறிவு! கேக்குதுடா. எல்லாம் கேக்குது. வாரேன்டா. நானே வாரேன்."

ரீங்காரம் நின்றது. திரையில் சிவப்பு அணைந்தது. அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும்.

குருமூர்த்தி எதிர்ப்பில்லாமல் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தான். எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தான். வித்யா லாக்கின் படியைக் கொடுத்துவிட்டு, அவனைப் பார்க்காமல், மேசையின் மறுபுறம் உட்கார்ந்திருந்தாள். குரலுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. தம்பி இனிமேல் தூங்குவான் என்று நினைத்தாள்.

மேசையின் மேல் இன்ஸ்பெக்டரின் வாக்கிடாக்கி கிடந்தது. போலீஸின் நெட்வொர்க் வேறு, அலைவரிசை வேறு. எந்த லிங்கும் இரண்டையும் இணைக்கவில்லை. அதை வித்யாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை.

அது ஒருமுறை கரகரத்தது.

இன்ஸ்பெக்டர் எடுத்துக் காதில் வைத்தார். நெற்றி சுருங்கியது. எண் எதுவும் இல்லாத திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோ குறுக்க பேசறானுங்க," என்றார். "ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்கறான்."

"என்ன கேக்கறானுங்க சார்?" என்றாள் வித்யா.

அவர் ஒலியைக் கூட்டினார்.

"எப்பங்க மச்சான் வாரீங்க?"