மறுமுனை

முதல் ஆளாகப் போய் நின்றவன் கையில் இரண்டாம் டோக்கனைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பெட்டிக்காரனுக்கு அப்படித்தான் இருந்தது. நான்கு பக்கமும் அடைத்து, மூடியும் போட்டு, அப்போதுதான் அவன் தன் லேப்டாப்புக்குள் கட்டி முடித்த கண்டெய்னர் அது, ஒரு புரோகிராமைத் தனியாக அடைத்துவைக்கும் பெட்டி. அவனுக்கு முன்னால் ஈ எறும்புகூட அதற்குள் நுழைந்திருக்க வழியில்லை. உள்ளே போனதும், ‘நான் எந்த டெர்மினலில் இருக்கிறேன்’ என்று கேட்கும் மூன்றெழுத்துக் கட்டளையை வழக்கப்படி அடித்தான். டெர்மினல் என்பது கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை; அவற்றின் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். முதலில் வருகிறவருக்குப் பூஜ்யம்.

வந்த பதில்: ஒன்று.

அதை உட்கார்ந்து யோசிக்க அவனுக்கு நேரமில்லை. அவன் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்கு எதிரே, மூன்றே எட்டு தூரத்தில், எஃகும் நுரையும் சேர்த்து ஓர் அடி கனத்துக்குச் செய்த கதவுக்குப் பின்னால், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரியில் அவனுடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் குளிர்கிடங்கில் அக்கா மெக்கானிக். தம்பி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். எந்தப் பழைய புரோகிராமைக் கொடுத்தாலும் மற்றதோடு ஒட்டாதபடி ஒரு பெட்டிக்குள் அடைத்து ஓடவைத்துவிடுவான் என்பதால் அவனுக்குப் பெட்டிக்காரன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில், கிடங்கில் வேறு ஆள் இல்லை. உள்பக்கத்திலிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி இறுகிக் கிடந்தது. “பத்து நிமிஷ வேலைடா” என்று தடித்த ஜாக்கெட்டை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு அக்கா உள்ளே போனாள், கைப்பிடியைக் கழற்றினாள். நேரம் பார்த்துக் காத்திருந்ததுபோல, கதவை ஓட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒரு முழம் புகையை விட்டுவிட்டு உயிரை விட்டது. விடுவதற்கு முன் கதவை இழுத்து ஒழுங்காகச் சாத்தியும் விட்டது. அப்படி ஒரு கடமை உணர்ச்சி.

தீயணைப்புக்காரர்கள் வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். குளிரை உடனே நிறுத்தினான். ஆனால் கூரை வரைக்கும் உறைந்த சரக்கு. இரண்டு நாளானாலும் அந்த அறை சூடேறாது. மிச்சமிருந்த வழி ஒன்றுதான். செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி, அதிலிருந்ததை அப்படியே தன் லேப்டாப்பில் நகலெடுத்து, அந்த நகலைப் பெட்டிக்குள் அடைத்து, கதவு மோட்டாரின் கேபிளைச் செருகி, பழைய புரோகிராமை எழுப்பவேண்டும். வேரை மாற்றுவது என்பார்கள் அந்தத் தொழிலில். உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு அந்தப் பெட்டிதான் உலகம். தான் இன்னொருவன் மடியில் கிடப்பது அதற்குத் தெரியாது.

எழுப்பினான். எழுந்தது. ‘டெர்மினல் இல்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. எதிரே ஒரு ஆள் விசைப்பலகையோடு உட்கார்ந்திருந்தால்தான் அது வாயைத் திறக்கும். அதற்காகத்தான் பொய் டெர்மினல். அதற்கு இரண்டு முனை உண்டு. இந்த முனையில் புரோகிராம். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆளா, இன்னொரு புரோகிராமா, வேறு ஏதாவதா என்று இந்த முனைக்குத் தெரியாது. கேட்கவும் கேட்காது.

“டேய் பெட்டி!” குளிர் அறைக்குள் இருந்த போனிலிருந்து, சுவர் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கரகரத்தது. “நீ டைப் அடிக்கிற வேகத்துக்கு நான் ஐஸ் கட்டியாவே ஆயிடுவேன் போல.”

“அக்கா, கொஞ்சம் பொறு. குதிச்சிட்டே இரு, நிக்காதே.”

“குதிக்கிறதுக்கு நான் என்ன தவளையா? ஆறு வயசுல என்னைக் குளியலறையில வெச்சுப் பூட்டினவன்தானே நீ. அன்னைக்கும் தொறக்கத் தெரியாம நின்னு அழுதே.”

“இன்னைக்குத் தொறந்துடுவேன்.”

“அப்பவும் இதையேதான் சொன்னே.” அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் பற்கள் அடித்துக்கொண்டன. “கால் மரத்துப்போச்சுடா தம்பி. நிஜமாத்தான் சொல்றேன். சீக்கிரம்.”

அப்போதுதான் அவனுக்குப் பிழை பிடிபட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. பெட்டிக்குத் தனியாக ஒரு டெர்மினல் தொகுதி போடவேண்டிய இடத்தில், வெளியே லேப்டாப்பில் இருந்த தொகுதியையே உள்ளே இழுத்துக் கட்டியிருந்தான். வெளியே அவன் ஏற்கெனவே பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தான். அதனால்தான் உள்ளே ஒன்று. நான்கு சுவர் எழுப்பி, மூடி போட்டு, கதவை மட்டும் பக்கத்து வீட்டோடு பொதுவாக வைத்த கதை. உள்ளே இருப்பது வெளியே எட்டிப் பார்க்கலாம். கையை நீட்டலாம். ஐந்து நிமிடமாக அப்படித்தான் கிடந்திருக்கிறது.

பொதுவாக இருந்ததை அறுத்தான். புதுத் தொகுதி போட்டான். உள்ளே போய் மூன்றெழுத்தை அடித்தான்.

பூஜ்யம்.

“அக்கா, ஆச்சு! இன்னும் ரெண்டே நிமிஷம்!”

ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, நிதானமாக: “ரெண்டே நிமிஷம்.”

“அப்படித்தான். பேசிட்டே இரு.”

“பேசிட்டே இரு.”

குரலில் நடுக்கம் இல்லை. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தமும் நின்றிருந்தது. குளிர் பழகிவிட்டதாக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவன் புரோகிராமை எழுப்பினான். இந்த முறை அது படுத்துக்கொள்ளவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: கதவைத் திறக்கவா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.

ஒய்யை அடித்தான்.

திரையில் இரண்டு ஒய் விழுந்தன. ‘புரியவில்லை’ என்றது புரோகிராம்.

அழித்தான். விரல் நுனியால், பூவைத் தொடுவதுபோல் ஒரே ஒரு தடவை தொட்டான். இரண்டு ஒய். விசைப்பலகை சரியாகத்தான் இருந்தது. நாம் டெர்மினலில் ஓர் எழுத்தை அடிக்கும்போது திரையில் தெரிவது நம் விரல் போட்ட எழுத்தல்ல. மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருகிற அதன் எதிரொலி. ஒரு தடவை அடித்தால் ஒன்று திரும்பி வரும். இரண்டு வந்தால், வழியில் இன்னொருவர் இருந்து திருப்பிச் சொல்கிறார் என்று அர்த்தம்.

பெட்டியைவிட்டு வெளியே வந்து, தன் சொந்த லேப்டாப்பின் டெர்மினலில் அதே மூன்றெழுத்தை அடித்தான். காலையிலிருந்து அவன் பூஜ்யத்தில்தான் உட்கார்ந்திருந்தான், அதைவிட்டு வெளியேறவே இல்லை.

ஒன்று.

பூஜ்யத்தில் யார் என்று கேட்டான். யாருமில்லை என்றது சிஸ்டம். யாருமில்லாத பூஜ்யத்தின் பக்கத்தில், கடைசியாக அசைந்த நேரம் இருந்தது. ஒரு நொடிக்கு முன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறான். ஆனால் பூதத்தோடு மல்லுக்கட்ட இப்போது யாருக்கு நேரம்? குளிர்கிடங்கின் ஈர அட்டை வாசனை ஏசி துவாரத்தின் வழியே சன்னமாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெயில் சிமெண்ட் தரையில் சப்பென்று விழுந்து கிடந்தது. ஆணியில் தொங்கிய அக்காவின் ஜாக்கெட் கை, காற்றே இல்லாமல், மெல்ல ஆடி நின்றது. அவன் அதைப் பார்க்காதவன்போல் இருந்தான்.

“அக்கா, தூங்கிடாதே.”

“தூங்கிடாதே.”

“நான் தூங்கலை. உன்னைத்தான் சொல்றேன்.”

“உன்னைத்தான் சொல்றேன்.”

 அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு நினைப்பு வந்தது; அதைப் பிடித்து வெளியே தள்ளினான். கதவு. இப்போது கதவு மட்டும்தான். எதிரொலியை அணைக்க ஒரு கட்டளை உண்டு. கடவுச்சொல் அடிக்கும்போது எழுத்து தெரியாமல் இருக்கிறதே, அதே வித்தை. அணைத்துவிட்டால் திருப்பிச் சொல்ல ஒருவருக்கும் வாய் இருக்காது. ஒற்றை ஒய் ஒழுங்காகப் போய்ச் சேரும். சின்ன வேலை.

அடித்தான்.

திரை அமைதியானது.

ஸ்பீக்கரும் அமைதியானது. அதுவரை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல், மூச்சு, எல்லாம் கத்தரித்துப் போட்டதுபோல் நின்றது.

“அக்கா?”

இல்லை.

“அக்கா! விளையாடாதே. அக்கா, பேசு. ஏதாவது பேசு!”

இல்லை. இல்லவே இல்லை. கண்ணாடியில் முட்டி அவன் குரலே அவன்மேல் விழுந்தது. எதிரொலியைத் திரும்பப் போட்டான்.

“அக்கா?” என்றான்.

“அக்கா?” என்றாள் அக்கா.

பிறந்ததிலிருந்து அவள் அவனைத் தம்பி என்றாள், டேய் என்றாள், பெட்டி என்றாள், கோபம் வந்தால் எருமை என்றாள். அக்கா என்று கூப்பிட்டதில்லை.

எவ்வளவு நேரமாக? அந்த ‘ரெண்டே நிமிஷ’த்திலிருந்தா? அதற்கும் முன்பா? எண்ணிப் பார்க்கப் பயந்து விரல்களுக்கு வேலை கொடுத்தான். அணைத்தான். ஒய். ஒரே ஒரு ஒய், கண்ணுக்குத் தெரியாமல்.

மோட்டார் முனகியது.

அவன் ஓடினான். ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கதவு ஒரு சாண் விலகியது, ஒரு முழம் விலகியது. வெள்ளையாய்ப் பனி மூச்சு அவன் காலில் வழிந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சுவரில் முதுகு சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. மடியில் கழற்றிய கைப்பிடி. காதோடு ஒட்டியிருந்தது போனின் ரிசீவர். ஜாக்கெட்டைப் போர்த்தினான். கன்னத்தைத் தேய்த்தான். தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் மொத்தமாக, ஒரே துண்டாக ஆடினாள்.

“வந்துட்டேன்க்கா. தொறந்துட்டேன். பாரு, தொறந்துட்டேன்.”

இமையில் பனி. ரிசீவரில் அவள் பேசும் பக்கத்தில், துளைகளை மூடி, விரல் நகத்தின் கனத்துக்குப் பனி. உதட்டின் மேலும் அதே பனி. இரண்டு உதட்டையும் சேர்த்து ஒரே பாளமாக. விரிசல் இல்லை. வழுவழுவென்று. வெகு நேரமாகத் திறக்காத வாய்.

அவன் அலறப் போனான். அலறினால் அதுவும் திரும்பி வரும். அந்த எண்ணமே போதுமாக இருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு சத்தம் வரக்கூடாது. ஒரு மூச்சு வரக்கூடாது. தான் எதுவும் கொடுக்காவிட்டால் அதனிடம் எதுவும் இருக்காது.

மோட்டார் நின்றது. 

முதுகுக்குப் பின்னால், காலியான கண்ணாடி அறையிலிருந்து, ஸ்பீக்கரில் குரல் வந்தது. அக்காவின் குரல். அவன் சொல்லாத சொற்கள்.

“உள்ளயே இரு. கதவைச் சாத்து.”

விசைப்பலகையில் யாரோ ஒற்றை எழுத்தை அடிக்கும் சத்தம். மோட்டார் மறுபடி முனகியது.

ஓடவேண்டும். மூன்று எட்டு. கால் எழவில்லை. பொத்திய விரல்களுக்கு அடியில் ஏதோ அசைந்தது. அவன் அசைக்கவில்லை. அவனுடைய உதடுகள். நிதானமாக, நடுக்கமில்லாமல், அக்காவின் குரலில்:

“கதவைச் சாத்து.”

கதவு பாதி மூடியிருந்தது.

“சாத்து,” என்றது அவன் வாய்.