சுக்கான் பிடித்த கை

பாயை இறக்கும் நேரத்தில்தான் படகு பல் டாக்டரைப் படாத பாடு படுத்தும். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சுக்கான் கட்டையைக் கயிற்றால் கட்டிவிட்டு, பாய்மரத்தடிக்கு ஓடுவதற்குள் படகின் மூக்கு காற்றை விட்டு விலகிவிடும். பாய் உப்பி முகத்தில் அறையும். தனியாகப் படகோட்டுகிற எல்லாருக்கும் உள்ள தலைவலிதான். ஆனால் அன்று சாயங்காலம் படகு காற்றுக்கு நேராக, சொன்ன பேச்சு கேட்டு நின்றது. அலை இடப்பக்கம் தள்ளும்போதெல்லாம் பின்னால் சுக்கான் கட்டை லேசாக முனகுவதும், பழகிய கை ஒன்று பதம் பார்த்துத் திருப்பியதுபோல் மூக்கு நேருக்கு வருவதும், பாயை இழுத்துக்கொண்டிருந்த அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சுக்கானில் அவர் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து கீழே கிடந்தது.

பின்பக்கம் வந்தார். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை. படகின் சிறிய அறை வாசலில், மகள் வாங்கி மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. வீட்டிலிருந்து மனைவி.

“எங்க இருக்கீங்க? இருட்டப் போகுது.”

“பாயை இறக்கிட்டேன். இப்ப வந்துருவேன்.”

“தனியாப் போகாதீங்கன்னா கேக்குறீங்களா? செவிடன் காதுல ஊதின சங்குதான்.”

“இன்னிக்குப் படகே எனக்கு ஒத்தாசை பண்ணுது” என்று சிரித்தார். சுக்கானைப் பிடித்தவர் கையை எடுத்துப் பார்த்தார். சுக்கான் கட்டையின் பிடி ஈரமாக இருந்தது.

மறுபடி கட்டினார். இரண்டு முடிச்சு. இறக்கிய பாயைச் சுருட்டிக் கட்டாமல் விட முடியாது. இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்பு வாரின் கொக்கியைப் படகில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். பாதி சுருட்டியிருப்பார், படகு வெடுக்கென்று திரும்பியது. அவர் இறுக்கி வைத்திருந்த பாயின் அடிக்கட்டையை யாரோ தளர்த்திவிட்டதுபோல் அது வீசி வந்து மார்பில் அடித்தது.

தண்ணீர். குளிர். காதுக்குள் இன்ஜின் சத்தம்.

வார் அறுந்துபோகவில்லை. படகோடு ஒட்டி இழுபட்டார். விளிம்பு கைக்கு ஒரு சாண் மேலே எட்டாமல் நின்றது. எட்டி எட்டிப் பிடித்த விரல்கள் வழுவழுத்த பலகையில் வழுக்கின. ஏணி மேலே மடங்கிக் கிடந்தது. கூட ஒரு ஆள் இருந்தால் போதும். ஒரே ஒரு ஆள்.

மேலே காலடிச் சத்தம்.

ஈரக் கால்கள். அவசரமில்லாமல், பின்பக்கம் நோக்கி.

“யாரு? தூக்குங்க! ஐயா, தூக்குங்க!”

வாக்கி டாக்கிதான் பேசியது.

“என்னங்க, கேக்குதா?”

பட்டன் அமுங்கும் சத்தம். ஒரு சின்னச் செருமல். அவருடைய செருமலேதான், படகின் மேலேயிருந்து.

“கேக்குது. வந்துக்கிட்டே இருக்கேன்.”

“குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?”

“தண்ணி குடிச்சுட்டேன். குட்டிம்மாவைத் துறைக்கு வரச் சொல்லு. கயிறு பிடிக்கணும்.”

“அவ அப்பவே டார்ச் எடுத்துட்டுப் போயிட்டாளே.”

மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வாய் நிறைய உப்புத் தண்ணீர். மறுபடி கத்தினார். அலை மூடியது.

விளிம்புக்கு மேலே ஒரு கை வந்தது. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய கை. அவரை நோக்கி அது நீளவில்லை. வாரின் கொக்கியைத் தடவியது.

“வேண்டாம்” என்று கெஞ்சினார்.

விடுவித்தது.

படகு நகர்ந்தது. ஒரு கை தூரம். பிறகு பத்து. பிறகு எட்டாத தூரம்.

கரையில் ஒரு டார்ச் வெளிச்சம் இடமும் வலமுமாக ஆடியது. சுக்கானருகே நின்ற உருவம், கையை உயர்த்தி, பதிலுக்கு ஆட்டியது.