நிற்காத மீட்டர்

வாடகை மலிவு என்றதும் கருணாகரன் ஒரே நாளில் வீடு மாற்றிவிட்டான். காஜா பேராங்கில் ஒரு பின்சந்து, ஓட்டுக் கூரை, வீட்டுக்குள்ளேயே மின்சாரம். மலாய் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் ஆட்சியில் மண்ணெண்ணெய்க்கு ஊரே நாயாய் அலைந்தபோது, சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் வீடு யாருக்கு வாய்க்கும்? அவனும் அவன் தங்கை ருக்மணியும் சிரித்துக்கொண்டே சாமான்களை இறக்கினார்கள்.

அவன் மனைவி சந்திரமதி மட்டும் சிரிக்கவில்லை. சந்தேகம் அவளுக்கு மூக்குத்தி மாதிரி, கழற்றி வைத்தால் முகமே களையிழந்துவிடும். இவ்வளவு நல்ல வீட்டை எவன் விட்டுப் போனான் என்று யோசித்தபடி பின்னறைக் கதவைத் தள்ளினாள். ஒரு மரப்பலகை மேசையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆனால் வாசனை இருந்தது. கஞ்சி போட்ட துணியைச் சூடாகத் தேய்க்கும்போது எழுமே, அந்த வாசனை. அரிசியையே கண்ணால் பார்க்காத காலத்தில் சட்டைக்குக் கஞ்சி போடுவது யார்?

மாதம் முடிந்ததும் மின்சார அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. ஒரு வீட்டுக்கு ஆறு யூனிட்தான் அனுமதி. இவர்கள் வீட்டில் ஒன்பது ஓடியிருந்தது. மூன்று மாதம் தொடர்ந்து மீறினால் வீட்டுத் தலைவர் நேரில் வரவேண்டும் என்று அடியில் அச்சிட்டிருந்தார்கள். அப்படி நேரில் போனவர்கள் லாரியில் ஏற்றப்பட்டுச் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனார்கள். திரும்பி வந்தவனை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

சந்திரமதி சீட்டை இரண்டு தடவை படித்தாள். அவள் கண் நேராக ருக்மணி மேல் போய் நின்றது. அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. குளியலறை விளக்கைப் போட்டால் அணைக்க மறப்பாள், இருட்டில் தூங்கவே மாட்டாள். அண்ணனோ அதற்கு மேல், முகம் சவரம் செய்யக்கூடப் பட்டப்பகலில் விளக்குப் போடுகிற ஆள். சந்திரமதி வீட்டிலிருந்த எல்லா பல்புகளையும் கழற்றினாள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது கூடத்தில் மாட்டுவாள், சாப்பிட்டு எழுந்ததும் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொள்வாள்.

இரண்டாம் மாதச் சீட்டில் பதினொன்று இருந்தது.

அன்று அவள் ருக்மணியின் பெட்டியைக் கணவன் எதிரிலேயே கூடத்தில் கொட்டினாள். கரண்டு இஸ்திரிப்பெட்டியை எங்கே ஒளித்திருக்கிறாய் என்று கேட்டாள். நாலு துணியும் ஒரு சீப்பும்தான் விழுந்தன. ருக்மணி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"வெளக்க அணைக்க மறந்திருப்பேன் அண்ணி, இல்லன்னு சொல்லல. ஆனா இது நான் இல்ல. மத்தியானம் பின்னறைப் பக்கம் போகவே எனக்குப் பயம்."

சந்திரமதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே ருக்மணி புக்கிட் பாருவிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். வீண்செலவு ஒழிந்தது என்று சந்திரமதி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

கருணாகரன் வேலைக்குப் போயிருந்தான். வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் கிடந்தது. வாசற்சுவரில் இருந்த மீட்டரைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பல்பு அவள் முந்தானையில் இருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பியூஸைப் பிடுங்கினாள்.

சக்கரம் நிற்கவில்லை.

உள்ளேயிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. ஈரத்துணியில் சூடு படுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவள் பின்னறைக்குப் போனாள். யாரும் இல்லை. மேசையைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பலகை கொதித்தது.

பக்கத்து வீட்டு மீனாச்சி, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்துவிட்ட செட்டி வீட்டுப் பெண், மலாயில்தான் பேசுவாள். வேலியோரம் நின்று சந்திரமதி கேட்கக் கேட்க அவள் பார்வை வேறெங்கோ போனது. முன்னால் குடியிருந்தவன் ஒரு குமாஸ்தாவாம். அவன் பெண்டாட்டி தினமும் மத்தியானம் கரண்டு இஸ்திரிப்பெட்டியில் மறுநாளைக்கான சட்டையைத் தேய்த்து வைப்பாளாம். கரண்டு அளவு மீறியது என்று கூப்பிட்டு அனுப்பினார்கள், தேய்த்த சட்டையோடு போனான், லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவள் அதற்குப் பிறகும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் அந்த மேசையிலேயே உயிர் போய்ச் சாய்ந்து கிடந்தாளாம். மீனாச்சி அதோடு பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ருக்மணியை நினைத்துச் சந்திரமதி அப்போதுதான் அழுதாள். தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மூன்றாவது சீட்டு மாதக் கடைசியில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை நேரில் வரவும். மீட்டரில்தான் கோளாறு, போய் விளக்கிச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான் கருணாகரன். வியாழன் மாலை, கொடியில் கசங்கலாகக் காய்ந்த அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டையை எடுக்கப் போனாள். கொடி வெறுமையாக இருந்தது.

சட்டை பின்னறை மேசையில் இருந்தது.

மடிப்புக் கலையாமல், கழுத்துப்பட்டை விறைப்பாக. தொட்டால் இன்னும் சூடு.

அவள் அதை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். மீனாச்சி சொன்னதை அவள் சொல்லச் சொல்ல, அவன் சூடு ஆறாத கழுத்துப்பட்டையைத் தடவிப் பார்த்தான்.

"போகாதீங்க. இப்பவே சைக்கிள எடுத்துக்கிட்டு புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்துக்குப் போயிடுங்க. ஆளோட ஆளா பால் வெட்டுங்க."

"நீ?"

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா ஊர் பாக்கும். விடியட்டும், நான் புக்கிட் பாருவுக்குப் போய் ருக்கு கால்ல விழுந்து அவளயும் கூட்டிக்கிட்டு வரேன்."

அவன் கிழிந்த பனியனோடு கிளம்பினான். சைக்கிள் முனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிழைத்துக்கொண்டான் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சட்டையை அடுப்பில் போட்டுச் சாம்பலாகும்வரை கிளறினாள்.

பொழுது விடிந்ததும் மாற்றுச் சேலையையும் ரவிக்கையையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டு, கொல்லையில் முகம் கழுவப் போனாள். நாலு செம்புத் தண்ணீர் ஊற்றுகிற நேரம்தான்.

திரும்பி வந்தபோது மூட்டை அவிழ்ந்து கிடந்தது. அதில் ஒன்றும் இல்லை.

பின்னறையில் 'உஸ்' என்றது.

மேசையில் அவள் சேலை மடிப்பு மடிப்பாகத் தேய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே அவள் ரவிக்கை. இரண்டிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

சந்து முனையில் ஒரு லாரி வந்து நின்றது.