வழியனுப்ப வந்தவள்

"கண் தெரியாதோ உங்களுக்கு?"

தமிழில் விழுந்தது திட்டு! கார்க் கண்ணாடியை இறக்கிய மலேசியக்காரன் மோகனதாஸ், மழை உள்ளே அடிப்பதையும் மறந்து வாயைப் பிளந்தான். நியூசிலாந்தில், பென்ரோஸ் கிடங்குகளுக்கு நடுவே, ஓக்லாந்து மழை சாய்ந்து சாய்ந்து பெய்யும் மாலையில்... ஒரு தமிழ்ப் பெண்ணா?

அவள் தலையில் பெரிய அட்டைப்பெட்டி. கையால் பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. இடுப்புக்குக் கீழே, அவன் கார் வாரியடித்த சேறு. காரின் முன்சக்கரமோ நடைபாதை விளிம்பில் ஏறி வளைந்து நின்றது.

"சாரிங்க... பெட்டிய தலையில வச்சிட்டு இப்படிக் கைய வீசிட்டு நடந்தா, ரோட்ட பாக்கவா, உங்கள பாக்கவா?"

"ரோட்டைப் பாருங்கோ. அதுக்குத்தானே லைசென்ஸ் தந்தவங்கள்?"

இமையில் மழை சொட்டியது. கண்கள் மட்டும் சிமிட்டவில்லை. அடேயப்பா... இந்தக் கண்ணுக்கு முன்னால் மழையே கொஞ்சம் பயந்துதான் பெய்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"எங்க கத்துக்கிட்டீங்க இந்த வித்தைய?"

"தன்சானியாவில. ரெண்டு வருஷம் வொலன்டியரா இருந்தனான். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில சயன்ஸ் படிப்பிச்சன். இந்தப் புத்தகங்கள் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்... உங்கட புண்ணியத்தில இப்ப நல்லா ஊறிப் போச்சு."

"ரெண்டு வருஷமா! பாவப்பட்ட ஜனங்களுக்கு சேவை... பெரிய தியாகம் லா!"

அவ்வளவுதான். கண்கள் சிவந்தன.

"தியாகமோ? ஆர் சொன்னது? முதல் நாள் சந்தையில தக்காளி என்ன விலை எண்டு கேட்டன். கடைக்காரி, 'முதல்ல சுகம் விசாரி, பிறகு தக்காளி' எண்டு பேசினவ. ஊர்க்குழாயில வரிசையில நிண்டு தண்ணி பிடிச்சன். பக்கத்து வீட்டு நேமா சோளக்களி கிண்டக் காட்டித் தந்தவ. நான் கிண்டினதைப் பார்த்து ஊரே சிரிச்சது. சேவை செய்யத்தான் போனனான், ஓம். ஆனா அங்க நான் சீவிச்சன்... வாழ்ந்தனான். விளங்குதோ?"

விளங்கியது. அதற்குள் பெட்டியின் அடி பிய்ந்து, புத்தகங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவன் சேற்றில் மண்டியிட்டுப் பொறுக்கினான்.

"நானே காய வச்சு சனிக்கிழமை கொண்டாந்து தர்றேன். அட்ரஸ் சொல்லுங்க."

"ஒரு பக்கம் குறைஞ்சாலும்..."

"என்னைக் கொன்னுடுவீங்க. தெரியும் லா."

சிரிப்பு வந்ததை உதட்டைக் கடித்து மறைத்தாள். மனுரேவாவில் இருந்த அண்ணன் வீட்டு விலாசத்தையும், செல்வநாயகி என்ற பெயரையும் சொல்லிவிட்டு, மழைக்குள் விறுவிறுவென்று நடந்துபோனாள்.

சனிக்கிழமை பின்னேரம் அவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கார் இன்னும் கராஜில். பெட்டியைத் தலையில் வைத்துப் பார்த்திருக்கிறான்... கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

"என்ன, கழுத்துக்கு?" என்றாள் அவள், கதவைத் திறந்து.

"ஒண்ணுமில்ல. நீங்க இந்தப் பக்கமா நின்னா நல்லாத் தெரியும்."

உள்ளே அவளுடைய அண்ணன் கதிர்காமநாதன் உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. பிறகு, மனதில் இருந்ததும் வந்தது.

"தம்பி, நீங்களே சொல்லுங்கோ. இவவை அந்தப் பள்ளிக்கூடம் திரும்பக் கூப்பிடுது. திங்கட்கிழமை பதில் சொல்லவேணும். கலியாண வயசும் தாண்டுது. போனா இந்த வாசலை மிதிக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். நான் சொல்றது பிழையோ?"

செல்வநாயகி அவனைப் பார்த்தாள். சொல்லு... இவள் அங்க சீவிச்சவள் எண்டு சொல்லு... என்றன கண்கள்.

மோகனதாஸ் கோப்பையைப் பார்த்தான். "அண்ணன் சொல்றதும் சரிதானே... இங்கயே இருக்கலாமே."

அவள் முகம் படாரென்று மூடிக்கொண்டது.

அவன் விடைபெற்று எழுந்தான். அவளும் செருப்பை மாட்டினாள்.

"எங்க போறாய்?" அண்ணன் எழுந்தார்.

"வழியனுப்ப."

"வாசல் வரைக்கும் போதும்!"

"போதாது அண்ணா."

தூறலில் இருவரும் பஸ் நிறுத்தம் நோக்கி நடந்தார்கள். அவள் முன்னால், அவன் ஓட்டமும் நடையுமாகப் பின்னால்.

"கோபமா இருக்கீங்க. அப்புறம் ஏன் கூட வர்றீங்க?"

"கோபம் வேற, மரியாதை வேற. தன்சானியாவில வீட்டுக்கு வந்த ஆளை வாசல்ல நிண்டு கை காட்டி அனுப்பிறேல்ல. பாதி வழியெண்டாலும் கூட நடக்கவேணும். எனக்கு அது பழகிப் போச்சு. எதிரி வந்தாலும் நடப்பன்."

"நான் எதிரியா?"

"ஏன் அண்ணாவுக்கு ஒத்து ஊதினீங்கள்?"

"பயம்..."

"அண்ணாவுக்கோ?"

"இல்ல. நீங்க போயிடுவீங்கன்னு."

அவள் நின்றாள். தூறல் மட்டும் நிற்கவில்லை...

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாம். என்ர நன்மைக்குச் சொல்ற மாதிரி உங்களுக்காகச் சொன்னீங்கள்."

"ஆமா. தப்புதான். நேத்து முழுக்கப் புத்தகத்தப் பக்கம் பக்கமா அயர்ன் பண்ணேன்... ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க முகம்தான். பிடிச்சிருக்குங்க. ரொம்ப."

"நீங்கள் மறிச்சாலும் நான் போவன்."

"மறிக்க மாட்டேன். இங்க வேலை ஒப்பந்தம் முடியட்டும்... நானும் வர்றேன். பம்ப் ரிப்பேர்தான் என் தொழில். அங்க குழாய் இருக்குன்னீங்களே?"

பின்னால் ஹாரன். அண்ணனின் கார் உரசுவதுபோல் வந்து நின்றது.

"நாயகி, ஏறு! சனம் பார்க்குது!"

"பார்க்கட்டும்." அவள் குரல் உயர்ந்தது. "அண்ணா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. தன்சானியாவையும் பிடிச்சிருக்கு. ரெண்டையும் விடமாட்டன். திங்கட்கிழமை ஓம் எண்டுதான் சொல்லப் போறன். நீங்கள் வாசலைச் சாத்தினா, நான் வெளியில நிண்டு தட்டிக்கொண்டே இருப்பன். நீங்களும் எனக்கு வேணும்."

கதிர்காமநாதன் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். மழையைத் துடைக்கும் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. படியில் ஏறிய மோகனதாஸ் சட்டென்று திரும்பினான்.

"ஒண்ணு மட்டும்... நான் அங்க வந்தா, அங்கயும் இப்படிக் கூட நடந்து வந்து வழியனுப்புவீங்களா?"

"மாட்டன்."

"ஐயோ... ஏங்க?"

நனைந்த இமைகள் முதன்முறையாகத் தாழ்ந்தன.

"அது விருந்தாளிக்குத்தான்... வீட்டுக்காரரை ஆர் வழியனுப்புவினம்?"