லோனி வாசிக்காமல் விட்ட பகுதி

லோனியின் வீட்டுப் பியானோ அன்று காலை தெருவில் போய்க்கொண்டிருந்தது. நான்கு ஆட்கள் அதைத் தோளில் சுமந்தார்கள். லோனி பின்னாலேயே நடந்தாள்.

"மெதுவாங்க. ஆட்டாதீங்க," என்றாள்.

"நீ வேணா மேல ஏறி உக்காந்துக்கம்மா. ஆடுதா இல்லையான்னு அங்கேருந்து சொல்லு," என்றார் முன்னால் போனவர்.

வியன்னாவில் இது புதிதல்ல. பெரிய வீடுகளில் கச்சேரி என்றால், சில சமயம் வாசிப்பவர்களோடு பியானோவும் போகும். அன்று மதியம் ஒரு சீமாட்டியின் வீட்டில் லோனி வாசிக்க வேண்டும். அவள் வாசிக்கப் போவது அவளுடைய அப்பா காஸ்பர் ஹாக்ல் எழுதிய புதிய பியானோ இசை, ஒரு சொனாட்டா.

அப்பா பகலெல்லாம் வீடுவீடாகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுப்பார். மாலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுத உட்காருவார். அவருடைய சொனாட்டாக்களில் மூன்று பகுதிகள் இருக்கும். முதல் பகுதி பள்ளிக்கூடம் விட்டதும் படியிறங்கி ஓடும் பிள்ளைகளைப் போல இருக்கும். கடைசிப் பகுதி கண்ணாமூச்சி ஆடும். நடுப்பகுதி மட்டும் மெதுவாகப் போகும். அதில் ஆங்காங்கே ஒரு சத்தமும் இல்லாத இடங்கள் வரும்.

"இங்க ஏன்ப்பா ஒண்ணுமே இல்ல?" என்று லோனி ஒருமுறை கேட்டாள்.

"ஓயாம பேசறவங்களோட பழக முடியுமா? கொஞ்சம் சும்மா இருந்தாத்தான் அவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியும்," என்றார் அப்பா.

இந்தப் புதிய சொனாட்டாவின் நடுப்பகுதி அம்மாவின் மெட்டு. அம்மா துணி தேய்க்கும்போது வாய்க்குள் முணுமுணுத்த மெட்டு அது. அம்மா போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பா எழுதிய முதல் சொனாட்டா இதுதான்.

சீமாட்டியின் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. லோனி முதல் பகுதியை வாசித்து முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு தாத்தா கைத்தடியால் தரையைத் தட்டினார். லோனிக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்ததாக நடுப்பகுதி. அவள் விரல்களை வைக்கப் போனாள்.

"அடுத்தது அழுமூஞ்சிப் பாட்டாம்," என்று முன்வரிசையில் ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"அப்போ என்னை முடிஞ்சதும் எழுப்பு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

லோனியின் காது சூடானது. கை தட்டியவர்கள் இப்போது தூங்கப் போகிறார்களா? அவள் விரல்கள் நகர்ந்தன. நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவின.

முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. லோனி எழுந்து வணங்கிவிட்டு அப்பாவைத் தேடினாள். அவர் சுவரோரம் நின்றிருந்தார். எல்லாரையும் போலக் கை தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"மறந்துட்டேன்ப்பா," என்றாள் கூடத்துக்கு வெளியே வந்ததும்.

"ம்," என்றார் அப்பா.

சமையலறைப் பக்கத்திலிருந்து க்ரெசென்ஸ் பெரியம்மா வந்தார். அவர் அம்மாவின் அக்கா. லின்ஸ் ஊரிலிருந்து முந்தைய நாள்தான் வந்திருந்தார். சேறு படிந்த காலணியோடு கூடத்தில் உட்காரக் கூச்சப்பட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"நல்லா வாசிச்ச கண்ணு," என்று லோனியின் கன்னத்தைத் தடவினார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "என் தங்கச்சி வால்புர்காவோட மெட்டு வரும்னு கடுதாசியில எழுதியிருந்தீங்களே. அது இன்னொரு நாளைக்கா?" என்று கேட்டார்.

அப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். லோனி தன் காலணியைப் பார்த்தாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா இறந்தபோது பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது. பெரியம்மாவால் வர முடியவில்லை. தங்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. அந்த மெட்டையாவது கேட்கலாம் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நாளைக் காலை வண்டியில் திரும்ப வேண்டும். பியானோவோ சீமாட்டியின் வீட்டில் இருக்கிறது. இனி இன்றைக்கும், நாளை ஞாயிற்றுக்கிழமையும் தூக்கிவர ஆள் கிடைக்காது.

இரவுச் சாப்பாட்டில் சூப்பும் ரொட்டி உருண்டையும் இருந்தன. லோனி உருண்டையைக் கரண்டியால் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"கச்சேரிக் களைப்பு," என்றார் பெரியம்மா.

லோனி ஆமாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் வண்டிகள் புறப்படும் சத்திரத்துக்குப் போனார்கள். வண்டியில் நல்ல இடம் கேட்க அப்பா முற்றத்துக்குப் போய்விட்டார். பெரியம்மா மூட்டையோடு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தார். அறை மூலையில் தட்டுகள் அடுக்கிய நீளமான மேசை ஒன்று இருந்தது. லோனி குனிந்து பார்த்தாள். தட்டுகளுக்குக் கீழே ஒரு மூடி. மூடிக்குள்ளே கட்டைகள்.

"ஐயா, இது பியானோதானே?"

"எங்க அப்பா காலத்துல பியானோ," என்றார் சத்திரக்காரர். "இப்போ தட்டு வைக்கறோம். உள்ள எலி இருந்தா பயப்படாத."

லோனி தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள்.

"பெரியம்மா, நேத்து நான் மறக்கல. எல்லாரும் தூங்கிடுவாங்கன்னு வேணும்னே விட்டுட்டேன். இப்போ வாசிக்கவா?"

பெரியம்மா அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாசி."

அது தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலித்தது. மெட்டின் நடுவே வரும் ஒரு கட்டை அழுத்தினால் பேசவே இல்லை. அந்த இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை. லோனி உதட்டைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள். மெட்டு மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. மறுபடி ஓட்டை. மூன்றாம் முறை வந்தபோது, விடுபட்ட அந்த ஒரு சுரத்தைப் பெரியம்மா வாய்க்குள் முணுமுணுத்தார். அம்மாவின் குரல் போலவே இருந்தது.

"லின்ஸ் போறவங்க ஏறுங்க!" என்று வண்டிக்காரர் வாசலில் கத்தினார்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குங்க," என்றாள் லோனி, விரலை எடுக்காமல்.

"குதிரைக்குப் பக்கக் கணக்கெல்லாம் தெரியாது பாப்பா. ஏறச் சொல்லு."

பெரியம்மா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்து அந்த நல்ல பியானோவுல முழுசா கேட்டிருக்கலாம்," என்றார். மறைக்காமல் சொன்னார். பிறகு லோனியின் நெற்றியில் முத்தமிட்டார். "ஆனா அவளைக் கேட்டுட்டேன் கண்ணு. போதும்."

வண்டி கிளம்பிவிட்டது. லோனி பியானோ முன்னால் பலகையில் உட்கார்ந்தபடியே திரும்பினால், கதவருகே அப்பா நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"மறந்துட்டேன்னு பொய் சொன்னேன்ப்பா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் திட்டல?"

அப்பா தொப்பியைக் கழற்றினார். "அதை எழுதறப்போ நானே தாங்க முடியாம எத்தனையோ தடவை எழுந்து ஓடியிருக்கேன். உன்னை எப்படித் திட்டறது?"

அவர் வந்து அவளருகே பலகையில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குன்னு சொன்னியே," என்றார்.

"கேக்க வேண்டியவங்கதான் போயிட்டாங்களே."

"நான் இருக்கேன்ல."

லோனி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சத்தமில்லாத இடங்களில் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். சத்திரக்காரர் தட்டு துடைப்பதை நிறுத்திவிட்டார். வண்டி அதற்குள் ஊரைத் தாண்டிப் போயிருக்கும். லோனி அவசரப்படாமல் கடைசிச் சுரம் வரை வாசித்தாள்.