தயங்கும் வண்டிக்கு விட்ட இடம்

மாதத்தின் கடைசி வெள்ளியன்று சம்பூரணம் தூக்குப்போசியில் ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு, தன் பழைய பெட்ரோல் காரில் வளையச்சாலை ஏறுதளத்துக்கு வந்துவிடுவாள். மேலே ஓட்டுநரில்லா வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி பறக்கும். பாதி வண்டிகளில் ஆளே இருக்காது. ஆளில்லாத வண்டிக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரமோ! எல்லாவற்றையும் ஓட்டுவது சாலைதான். அதன் மூளைக்குச் சாலைமதி என்று பெயர். தடுப்புக்கட்டை உயரும், வண்டி வரிசையில் ஓர் இடைவெளி வரும், அதற்குள் புகுந்துகொள்ள வேண்டும். மிஞ்சிய பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அந்த இடம் கிடைக்கும்.

ஆள் குறைந்துபோனதென்று அவள் ஊரை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டதால், அந்த வண்டிகள் எதுவும் அங்கே வராது. நடந்து வருபவர்களைச் சாலை ஏற்றாது. அவள் கணவன் ரங்கசாமியோ, பக்கவாதம் வந்து நகரத்து நோயாளிப் பேணகத்தில் கிடந்தார். ஒரு மாதம் அந்த வெள்ளியன்று பார்க்க ஆள் வராவிட்டால், மறுநாளே அப்படிப்பட்டவரை வடக்கே எங்கோ ஒரு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை.

போன மாதம் ஏறுதளத்தில் மிதித்ததும் கார் வழக்கம்போல முனகி, தயங்கி, பிறகு எழும்புவதற்குள், பின்னால் வந்த லாரி பின்கண்ணாடி முழுக்க நிறைந்துவிட்டது. கணவனைப் பார்த்துத் திரும்பியதும் நேரே அவர் சித்தப்பா மகன் நாச்சிமுத்துவின் பட்டறைக்குப் போனாள்.

"மிதிச்சா யோசிச்சுட்டுத்தான் கெளம்புது தம்பி. பொறத்தால வந்த லாரி முட்டறாப்பல வந்துருச்சு. எனக்கொண்ணு ஆச்சுன்னா உங்கண்ணனுக்கு ஆரு இருக்கறா?"

"பிக்கப் தானுங்கண்ணி? உட்டுத்தள்ளுங்க. கட்டவண்டியக் குதிரையாக்கிப்புடறேன்."

ஆக்கியும் விட்டான். தொங்கிப்போயிருந்த ஆக்ஸிலேட்டர் கேபிளை மாற்றினான். காற்று போகும் வழியெல்லாம் அப்பியிருந்த கரியைச் சுரண்டிக் கழுவினான். பின் அச்சில் வேறு பல்சக்கரம் போட்டான். உச்ச வேகம் குறைந்தாலும் கிளம்பும்போது இழுவை கூடும். சோதித்துப் பார்க்க மிதித்தபோது கார் துள்ளிய துள்ளலில் சம்பூரணம் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

இந்த மாதக் கடைசி வெள்ளியன்று தன் கைவேலையை ரசிக்க நாச்சிமுத்துவும் கூடவே ஏறிக்கொண்டான். கார் ஏறுதளத்தில் ஜம்மென்று ஏறியது. தடுப்புக்கட்டை உயரவில்லை.

"இந்த வண்டி பதிவில் இல்லை. புதிய பெட்ரோல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று சாலைமதியின் குரலில் பேசியது ஓரத்துக் கம்பம்.

"நம்பரப் பாரு சாமி. அதே வண்டிதான்" என்றாள் சம்பூரணம்.

"எண் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். பழைய வண்டிகளை அவை ஏறுதளத்தில் எழும்பும் விதத்தை வைத்துத்தான் அறிகிறோம். அந்த எண்ணுக்குரிய வண்டி தயங்கித்தான் எழும்பும்."

"அந்தத் தயக்கத்துனாலதான போன மாசம் லாரி முட்ட வந்துச்சு!"

"முட்டியிருக்காது. அந்தத் தயக்கத்தை அளந்துதான் இடம் விடுகிறோம். பின்னால் வரும் வண்டி ஒவ்வொரு முறையும் அதற்கேற்ப ஒதுங்கியே வந்திருக்கிறது."

இத்தனை வருடமும் அவளுக்கு ஓர் ஆபத்தும் இருந்ததில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

காரைப் பின்னால் எடுத்து, மெல்ல மிதித்து, நோயாளி நடப்பதுபோல ஏற்றிப் பார்த்தாள். "மெதுவாக வருவதும் தயங்குவதும் ஒன்றல்ல" என்றது கம்பம்.

"பழசையே திருப்பி மாட்டிரு தம்பி. பொழுது சாயறதுக்குள்ள மாட்டிரு."

நாச்சிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். "கேபிள் கெடக்குது, பல்சக்கரம் கெடக்குது. கரி? வருசக்கணக்கா சேந்த கரியக் கழுவி உட்டுட்டனேங்கண்ணி. அந்த அழுக்க நான் எங்க போயி வாங்கறது?"

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டவாவது தெம்பு வேண்டாமா?

அப்போது மேலே வண்டி வரிசை விலகியது. ஒரு லாரி வேகம் குறைத்துப் பின்தங்க, அதன் முன்னே வெறும் சாலை நீண்டது. கிழட்டுக் கார் ஒன்று முனகி, யோசித்து, ஆற அமரக் கிளம்பப் போதுமான அளவு இடம். அந்த வெற்றிடம் அவளைக் கடந்து நகரத்துப் பக்கம் போயிற்று.

"அது எனக்கு உட்ட எடம்தான?" என்று கேட்டாள்.

"ஆம். அந்த வண்டிக்கு உரியது. வராவிட்டாலும் மாதாமாதம் விடப்படும்."

நாளைக் காலை ரங்கசாமியை வடக்கே போகும் வண்டியில் ஏற்றுவார்கள். அது இந்தச் சாலை வழியாகத்தான் போகும். ரசஞ்சோறு மடியில் ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த கடைசி வெள்ளியும் அந்த இடம் தவறாமல் வரும் என்று கம்பம் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னது.